அதே நாள் எப்போது வரும்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். இலங்கையில் அன்று உந்துவப் போயா என்னும் பூரணை விடுமுறை. 2023 டிசம்பர் 26, செவ்வாய்க்கிழமை. சுனாமியின் 19ஆம் ஆண்டு நினைவு. அன்றும் உந்துவப் போயா. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த இரண்டும் ஒரு தடவைகூட ஒரே நாளில் சேரவில்லை. பத்தொன்பதாவது ஆண்டில் சேர்ந்தது தற்செயல் அல்ல. (நிலாவையும் சுனாமியையும் முடிச்சுப் போட வேண்டாம். அது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவியதால் வந்தது. நாம் பார்க்கப் போவது நாட்களின் கணக்கை மட்டும்தான்.)

சிலாபத்தில் ஏதாவது ஒரு கடைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியின் தாள் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. மேலே தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி. ஓரத்தில் ஹிஜ்ரித் தேதி. கீழே பொடி எழுத்தில் திதி இத்தனை மணி வரை, நட்சத்திரம் இத்தனை மணி வரை, ராகு காலம், சுபநேரம். பூரணை என்றால் ஒரு வட்டம். புத்தளம் மாவட்டக் கரைக்கு இத்தனையும் வேண்டும். உடப்பில் திரௌபதையம்மனுக்கு ஆடி மாதத்தில் பதினெட்டு நாள் விழா, முடிவில் தீமிதிப்பு. முன்னேஸ்வரத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் மகோற்சவம், தெதுறு ஓயாவில் தீர்த்தம். தலவிலவில் புனித அன்னம்மாள் பெருவிழா. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் பிறை பார்த்து நோன்பு. எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை அந்த நாள் திரும்பி வருகிறது. ஆனால் எது திரும்பினால் ‘அதே நாள்’ என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு.

முதலில் திதி. சூரியனும் சந்திரனும் நம் வானத்தில் ஒரே பாதையில், ஒரே திசையில் நகர்கின்றன. சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 பாகை, சந்திரன் ஏறத்தாழ 13 பாகை. கடிகாரத்தின் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் மாதிரி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் அமாவாசை, நேரெதிரே நின்றால் பூரணை. இரண்டுக்கும் இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி முடிந்தது. 360 பாகைக்கு 30 திதி. அவ்வளவுதான் இலக்கணம்.

சிக்கல் இனித்தான். சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது ஓடும், எட்டப் போனால் தளரும். அதனால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். சராசரி 23 மணி 37 நிமிடம். நாள் 24 மணி, திதி அதைவிடக் குறைவு என்பதால் அவ்வப்போது ஒரு திதி சூரிய உதயம் எதையும் காணாமலே தொடங்கி முடிந்துவிடும். வேறு சமயம் ஒரே திதி இரண்டு உதயத்தைக் காணும். தாளில் ‘பகல் 10.14 வரை தசமி, பின் ஏகாதசி’ என்று நிமிடக் கணக்கில் எழுதுவது இதனால்தான். அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் சந்திரனின் வேக மாற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு நாளில் இரண்டு திதி இருந்தால் எதைக் கொள்வது? இங்கேதான் பஞ்சாங்கக்காரர்களின் நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். சடங்குக்குச் சடங்கு ஒவ்வொரு வேளை வைத்திருக்கிறார்கள். சிவராத்திரி என்றால் நள்ளிரவில் சதுர்த்தசி இருக்க வேண்டும். சிராத்தம் என்றால் பிற்பகலில் அந்தத் திதி இருக்க வேண்டும். ஆகவே ஒரே திதி ஒரு வீட்டில் திங்களும் இன்னொரு வீட்டில் செவ்வாயும் வரலாம், இரண்டும் சரியே. பிறந்தவருக்கு நட்சத்திரம், இறந்தவருக்குத் திதி என்பது நம் வழக்கம். நட்சத்திரம் பார்க்கச் சந்திரன் எந்த விண்மீன் கூட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். அதற்குச் சூரியன் தேவையில்லை. 27 நாளுக்குச் சற்று மேல் போனால் ஒரு சுற்று. ஆடி, ஆனி போன்ற நீண்ட மாதங்களில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வந்து பிறந்தநாள் இரண்டாகிவிடுவதும் உண்டு.

சரி, அந்தப் பத்தொன்பது. பன்னிரண்டு பூரணைகளுக்கு 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதனால் பூரணை ஒவ்வோர் ஆண்டும் 11 நாள் முன்னே வரும், பிறகு ஒரு மாதம் கூடிப் பின்னே தள்ளப்படும். எப்போது சரியாக ஒத்துப்போகும்? 235 பூரணைகளின் நீளம் 6,939.69 நாள். 19 சூரிய ஆண்டுகளின் நீளம் 6,939.60 நாள். வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்! பாபிலோனியர் இதைக் கண்டுகொண்டார்கள். ஏதென்ஸில் மேட்டன் கி.மு. 432இல் இதை அறிவித்தார். 19 ஆண்டில் 228 மாதம்தான் இருக்க வேண்டும், ஆனால் 235 இருக்கிறது. கூடுதலாக வரும் அந்த ஏழுதான் அதிக மாதம். போயாக் கணக்கிலும் அப்படி மிஞ்சி வரும் பூரணைக்கு ‘அதி’ என்ற முன்னொட்டைச் சேர்த்துப் பெயர் வைக்கிறார்கள். உங்கள் பத்தொன்பதாவது, முப்பத்தெட்டாவது பிறந்தநாட்களில் நிலாவைக் கவனியுங்கள். நீங்கள் பிறந்த அன்று இருந்த அளவிலேயே, அல்லது ஒரு நாள் முன்பின்னாக, நிற்கும்.

தமிழ் மாதம் நிலாவைக் கண்டுகொள்வதே இல்லை. சூரியன் எந்த ராசிக்குள் நுழைகிறதோ அந்த மாதம். சுனாமி நாள் இந்தக் கணக்கில் தாரண ஆண்டு மார்கழி 11. தாரண என்ற பெயர் மறுபடி வருவது 2064இல். வியாழனின் சுற்று ஏறத்தாழ 12 ஆண்டு, சனியின் சுற்று ஏறத்தாழ 30, இரண்டுக்கும் பொதுவானது 60, ஆண்டுப் பெயர்களின் சுற்றும் அதுவே. மார்கழிக்கு 29 அல்லது 30 நாள், ஆனிக்கு 31 அல்லது 32. இது யாரோ வகுத்த ஒழுங்கல்ல. பூமியின் பாதை சரியான வட்டமில்லை. ஜனவரித் தொடக்கத்தில் நாம் சூரியனுக்கு 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் ஜூலையில் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறோம். கிட்ட இருக்கும்போது பூமி வேகமாகப் போகிறது, மார்கழி குறுகிவிடுகிறது. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கெப்ளர் எழுதியதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த விளைவு நம் மாத நீளத்தில் பதிந்து கிடந்தது.

சித்திரைப் புத்தாண்டில் இன்னொரு விந்தை. சிங்கள மக்கள் சூரியன் மேடத்துக்கு மாறும் தருணத்துக்கு முன் 6 மணி 24 நிமிடமும் பின் 6 மணி 24 நிமிடமும் வேலை செய்யாமல், அடுப்பு மூட்டாமல் இருப்பார்கள். நோனகதய என்று பெயர். கூட்டினால் 12 மணி 48 நிமிடம். ஏன் இந்த விசித்திர எண்? சூரியன் புள்ளி அல்ல, வட்டு. வானத்தில் அதன் அகலம் ஒரு பாகையில் அறுபதுக்கு 32 பங்கு. நாளொன்றுக்கு ஒரு பாகை நகர்கிற சூரியன் தன் முழு அகலத்தையும் ராசி எல்லைக்கோட்டைத் தாண்டி இழுத்துச் செல்ல 24 மணியில் அறுபதுக்கு 32 பங்கு நேரம் வேண்டும். பெருக்கிப் பாருங்கள், அச்சாக 12 மணி 48 நிமிடம். தமிழர் மருத்துநீர் வைத்து முழுகும் விஷு புண்ணியகாலம் முன்னும் பின்னும் பத்துப் பத்து நாழிகை, ஆக எட்டு மணி நேரம்.

இவ்வளவையும் தொலைநோக்கி இல்லாமல் எப்படிக் கணக்கிட்டார்கள்? பாடமாக்கித்தான். சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து எட்டப் போய்த் திரும்பக் கிட்ட வர 27.55 நாள். அதை ஒன்பதால் பெருக்கினால் கிட்டத்தட்ட துல்லியமாக 248 நாள். ஆகவே 248 நாளுக்குச் சந்திரன் எவ்வளவு நகரும் என்று தெரிந்தால், பிறகு அதே வரிசையைத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த 248 எண்களையும் எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி என்ற முறையில் 248 சிறு சொற்றொடர்களாக, அதாவது வாக்கியங்களாக, மாற்றி மனனம் செய்தார்கள். வரருசி செய்தது என்பது மரபு. கொக்குவிலிலிருந்து வரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. திருக்கணிதம் என்பது பிற்கால அவதானிப்புகளைக் கொண்டு திருத்திய கணக்கு. இரண்டுக்கும் சில வேளை மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். கோயிலுக்குக் கோயில் விழா ஒரு நாள் மாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

வாக்கியக் கணக்கின் கெட்டித்தனத்துக்கு ஒரு சாட்சி உண்டு. ஜோன் வாரன் என்ற அதிகாரி 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்ற நூலில், புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனனத்திலிருந்தே சந்திர கிரகணத்தைக் கணித்ததை விவரிக்கிறார். அந்த ஆண்டு மே கடைசி இரவில் வந்த கிரகணம் அது. பின்னாளில் வானியல் வரலாற்றாசிரியர் ஒட்டோ நியூகபவர் சரிபார்த்தார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிசகு, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். காகிதம் இல்லை, பேனா இல்லை. வானியல் கோட்பாடு எதையும் அந்த மனிதர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் எழுதுகிறார். எனக்கென்னவோ அதுதான் இதில் பெரிய வியப்பு. கணக்கைச் செய்தவருக்குக் காரணம் தெரிய வேண்டிய தேவையே இல்லாதபடி முன்னோர் அதைச் சமைத்து வைத்திருக்கிறார்கள்.

நிலாவையே வாரமாக்கிய காலமும் இத்தீவில் இருந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை இல்லை. அமாவாசை, பூரணை, இடையே வரும் இரண்டு அரைநிலா நாட்கள், இவையே விடுமுறை. 29.53 நாளை நாலாகப் பிரித்தால் 7.38. ஒரு வாரம் ஏழு நாள், மறு வாரம் எட்டு என்று தடுமாறியது. வென்னப்புவ, மாரவில போன்ற கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு பூசைக்கும் வேலைக்கும் ஒரே நாளில் போக வேண்டிய நிலை. உலகத்தோடு வியாபாரம் செய்கிற ஒரு நாடு எட்டு நாள் வாரத்தை அவ்வளவு காலம் தாங்கியதே பெரிது.

ஹிஜ்ரிக் கணக்கு அதிக மாதம் சேர்ப்பதில்லை. 354 நாளோடு ஆண்டு முடியும், சூரியனைத் துரத்தாது. அதனால் 2015இல் மீலாத் விழா இரண்டு தடவை வந்தது, ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் 24இல் ஒன்று. அந்த 24 உந்துவப் போயாவும்கூட, மறுநாள் நத்தார். 1344இல், ஹிஜ்ரி 745இல், பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, சிவனொளிபாத மலைக்குப் போனார். அது 2024இல் ஆங்கிலக் கணக்கில் 680 ஆண்டு, ஹிஜ்ரிக் கணக்கில் 701. பெருநாள் எல்லாம் பிறைக்கணக்கில் வைத்திருக்கும் முஸ்லிம் மக்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்து சேர்ந்ததை மட்டும் ஒக்டோபரில்தான் நினைவுகூர்கிறார்கள். வழிபாட்டுக்கு ஒரு நாட்காட்டி, அரசியல் காயத்துக்கு இன்னொன்று.

உயிர்த்த ஞாயிறு இதைவிடச் சிக்கல். அது சூரியன், சந்திரன், கிழமை மூன்றும் கேட்கும். மார்ச் 21இலோ அதன் பின்னோ வரும் முதல் முழுநிலாவுக்கு அடுத்த ஞாயிறு. முழுநிலாவைத் திருச்சபை கணக்கிடுவதும் நாம் பார்த்த அதே 19 ஆண்டுச் சுற்றைக் கொண்டுதான். 2019இல் அது ஏப்ரல் 18, வியாழன். ஆகவே உயிர்ப்பு விழா ஏப்ரல் 21. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஞாயிறு. 19 ஆண்டு கழித்து 2038இலும் முழுநிலா ஏப்ரல் 18தான். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமையே விழுகிறது, விதிப்படி அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ள வேண்டும். ஏப்ரல் 25. உயிர்ப்பு விழா அதற்கு மேல் பிந்த முடியாது. இதற்கிடையே 2030இல் நிலா வேறொரு தேதியில் நின்றும், கிழமை ஒத்துழைத்து, ஏப்ரல் 21 மறுபடி உயிர்த்த ஞாயிறாகிறது.

கடைசியாக, வானத்தை விட்டுக் கடிகாரத்துக்கு வருவோம். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்னே. மீதி அரை மணியைத் திருப்பியது 2006 சித்திரைப் புத்தாண்டோடு. ஆகவே 2004 டிசம்பர் 26 அன்று பூரணை முழுமை பெற்றது சென்னையில் இரவு 8.36, சிலாபத்தில் இரவு 9.06. நிலா ஒன்றுதான், அச்சடித்த நேரம் இரண்டு. சாதகம் எழுதுகிறவர்களுக்கு இது இன்றும் தலைவலி. அரை மணி நேரத்தில் லக்கினம் கால் ராசி நகர்ந்துவிடும். அந்தப் பத்தாண்டில் இங்கே பிறந்த பிள்ளையின் நேரத்திலிருந்து அரை மணி கழிக்க வேண்டும், 1996 ஒக்டோபருக்கு முன் என்றால் ஒரு மணி. நிலையான நேரம் கணிக்கப்படும் தீர்க்கரேகை கிழக்கே தள்ளி இருப்பதால் புத்தளத்துக்கு மேலும் 11 நிமிடம். பிறந்த இடம் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி என்றால், அங்கே பழைய நேரமே ஓடியதால், கொடுத்த நேரம் எந்தக் கடிகாரத்தில் பார்த்தது என்று முதலில் கேட்டாக வேண்டும்.