'மதுரைக் கால்' நோயின் முடிச்சை அவிழ்த்தவர்... ஓவியர் வீட்டுப் பிள்ளை டாக்டரான கதை!

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் வயலுக்கும் தோட்டத்துக்கும் செருப்பில்லாமல் இறங்குகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வார்கள். என் தாத்தாவும் அப்படித்தான்.

அந்த முள்ளோடு மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய்விடுவதுண்டு. மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்துப் பாதத்தில் ஒரு கட்டி வரும். பெரிதாக வலிக்காது என்பதுதான் இதில் ஆபத்தே. யாரும் டாக்டரிடம் போகமாட்டார்கள். பிறகு கால் வீங்கி, துளை விழுந்து, சீழோடு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் நிறங்களில் குருணை குருணையாக வெளியேறும்.

1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற டாக்டர் இந்த நோயைப் பதிவு செய்தார். அப்புறம் உலகம் முழுக்க இதற்கு 'மதுரா ஃபுட்' என்றே பெயர். 1996 வரை தேனியும் மதுரை மாவட்டம்தானே... நமக்கும் அதில் பங்குண்டு!

காரணம் பூஞ்சைதான் என்று எடுத்துச் சொல்லி, 'மைசீட்டோமா' எனப் பெயரிட்டவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1831-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். அப்பா ஓவியர், தம்பியும் ஓவியர். ஹென்றி மட்டும் டீன் ஏஜிலேயே லண்டன் போய், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். 1852-ல் சர்ஜன் தகுதி கிடைத்தது. ஆனால், கையில் காசில்லை. வீட்டில் கற்ற ஓவியம்தான் கைகொடுத்தது.

அங்கே ஆசிரியராக இருந்த ஹென்றி கிரே எழுதிய உடற்கூறியல் புத்தகத்துக்குப் படங்கள் வரைந்தார். மொத்தம் 363 படங்கள். மரக்கட்டையில் இடவலம் மாற்றி வரைய வேண்டும். அப்போதுதான் அச்சில் நேராக விழும். பகலில் வேலை, படிப்பு. மிச்ச நேரமெல்லாம் படம். கிடைத்தது ஒரே தவணையாக 150 பவுண்டு. கிரேவுக்கோ விற்க விற்க ராயல்டி. போதாக்குறைக்கு, முகப்புப் பக்கத்தில் கார்ட்டர் பெயரின் எழுத்தளவைச் சிறிதாக்கச் சொன்னவரும் கிரேதான். உலகம் இன்றும் அதை 'கிரேஸ் அனாட்டமி' என்றே அழைக்கிறது.

1858-ல் புத்தகம் வெளியானபோது கார்ட்டர் இந்தியாவில் இருந்தார். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்தார். அங்கேதான் இந்தக் கால்களைப் பார்த்தார். அப்போது முற்றிய நோய்க்குக் காலை வெட்டுவதுதான் வழி. வெட்டிய கால்களை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, குருணைகளையும் தானே வரைந்தார். பின்னாளில் தொழுநோயை ஆராய நார்வே வரை போனார். 1897-ல் காலமானார்.

இப்போது மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் காலைக் காப்பாற்ற முடியும், சீக்கிரம் வந்தால். 2016-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ''செருப்பு சேத்துல வழுக்கும்டா'' என்றார்.