ஆர்.ஓ. வாங்குவதற்கு முன்பு, தண்ணீரில் இருப்பதைச் சொல்வது யார்?

குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்போர் வீடுகளில் செய்து காட்டும் வித்தை ஒன்று தில்லியின் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளில் பலருக்கும் பழக்கமானது. ஒரு கண்ணாடிக் குவளையில் குழாய் நீர், மற்றொன்றில் ஆர்.ஓ. நீர். இரண்டிலும் மின்முனைகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தியதும், சில நிமிடங்களில் குழாய் நீர் பழுப்பேறி அடியில் சகதி படியும், ஆர்.ஓ. நீர் தெளிவாகவே நிற்கும். இதைக் கண்ட குடும்பம் அன்றே முன்பணம் கொடுத்துவிடுவதில் வியப்பில்லை.

உண்மையில் அந்தச் சகதி தண்ணீரில் இருந்ததல்ல. மின்முனையின் இரும்பே கரைந்து துருவாகப் படிகிறது. குழாய் நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் பாய்கிறது. உப்பு நீக்கப்பட்ட நீரில் ஏறக்குறைய பாய்வதில்லை. நல்ல ஆற்று நீரிலும் இதே சகதி படியும்.

விற்பனையாளரின் மற்றொரு ஆயுதம், கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை, அதாவது டி.டி.எஸ்.ஸைக் காட்டும் பேனா போன்ற சிறு கருவி. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலைப்படி இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் வாந்தி, பேதி, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகளை அதனால் காண முடியாது. அதே தரநிலை ஆர்சனிக்குக்கு விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. அதைப்போல் பத்து மடங்கு நஞ்சு கலந்திருந்தாலும் அந்தக் கருவியின் எண் அசையாது.

இந்தக் குழப்பத்தின் நடுவேதான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரங்களைத் தடை செய்யவும், அனுமதிக்கப்படும் இடங்களில் உள்ளே செல்லும் நீரில் குறைந்தது 60 சதவீதத்தையாவது குடிநீராக மீட்கவும், பின்னர் அதை 75 சதவீதமாக உயர்த்தவும் விதிகள் வகுக்குமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அது கட்டளையிட்டது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர்; அரசிடம் முறையிடுமாறு அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் வரைவு அறிவிக்கை வெளியானது. இறுதி விதிகள் அரசிதழில் இடம்பெற 2023 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அவை நடைமுறைக்கு வர மேலும் ஓராண்டு அவகாசமும் தரப்பட்டது. தீர்ப்பாயத்தின் உத்தரவிலிருந்து கணக்கிட்டால் ஐந்தாண்டுகளுக்கும் மேல். அவசரம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

தீர்ப்பாயத்தின் கவலை பெரிதும் வீணாகும் நீரைப் பற்றியது. ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும் இயந்திரத்தில், குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுக்கும் குடும்பம் 60 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமவாசி ஒருவருக்கு நாள் முழுவதற்கும் அரசு வகுத்துள்ள அளவே 55 லிட்டர்தான். உப்பும் நஞ்சும் அழிவதில்லை. அவை கழிவு நீரில் செறிந்து, பல இடங்களில் மீண்டும் மண்ணுக்கே திரும்புகின்றன.

அதற்காக ஆர்.ஓ. எங்குமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. யமுனை, கங்கை, பக்ரா நீரைப் பெறும் தில்லிப் பகுதிகளில் உப்பு பெரிய சிக்கல் அல்ல. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் புறநகரில் நிலைமை வேறு. கிருமி மட்டுமே பகை என்றால், தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் கழிந்தால் போதும்; அல்லது சரியான அளவில் குளோரின் கலந்து அரை மணி நேரம் வைத்திருக்கலாம். புற ஊதாக்கதிர் இயந்திரமும் தெளிந்த நீரில் நன்கு வேலை செய்யும். ஆனால் ஆர்சனிக், புளோரைடு, நைட்ரேட் கலந்த நீரைக் கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய நஞ்சின் செறிவு கூடவே செய்யும். நோய் தெரியாமல் மருந்து வாங்கும் நிலையில்தான் பெரும்பாலான குடும்பங்கள் உள்ளன.

நோயைச் சொல்ல வேண்டியது யார் என்ற கேள்வி 2019 நவம்பரில் அரசியல் களத்துக்கு வந்தது. அப்போதைய நுகர்வோர் நலத் துறை அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான், தில்லி மற்றும் மாநிலத் தலைநகரங்களின் குழாய் நீர் சோதனை முடிவுகளை வெளியிட்டார். மும்பையின் மாதிரிகள் அனைத்தும் தேறின. தில்லியில் எடுத்த 11 மாதிரிகளும், சென்னையில் எடுத்த பத்தும் தேறவில்லை. சட்டப்பேரவைத் தேர்தல் நெருங்கிய வேளையில் இது அரசியல் உள்நோக்கம் கொண்டது என்று முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவால் சாடினார். மாதிரி எடுத்த வீடுகள் எவை, எத்தனை என்பதிலேயே வாதம் சுழன்றது. புட்டித் தண்ணீருக்குத் தர முத்திரை கட்டாயமாக இருந்த அந்நாளில் குழாய்த் தண்ணீருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அதையும் கட்டாயமாக்க வேண்டும் என்ற பாஸ்வானின் வாதம் மட்டும் அந்தச் சச்சரவில் அமுங்கிப்போனது.

வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல. ஒடிசாவின் புரி நகரில் 2021 ஜூலையில், 24 மணி நேரமும் குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கத்தக்க நீர் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இடைவிடாத விநியோகம் என்பதே இதில் முக்கியமானது. நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் பாயும் குழாயில், மற்ற நேரங்களில் அழுத்தம் குறைந்து, விரிசல்கள் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் நல்ல நீராகப் புறப்பட்டது வீட்டுக்குள் வரும்போது கெட்டிருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. புளோரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு இயந்திரம் கொடுக்கப்படவில்லை. ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரே கொண்டுவரப்பட்டு, 2013-இல் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது.

நாடு தழுவிய கணக்கு இதைவிடப் பெரியது. நிலத்தடி நீரில் ஆர்சனிக் 25 மாநிலங்களின் 230 மாவட்டங்களிலும், புளோரைடு 27 மாநிலங்களின் 469 மாவட்டங்களிலும் ஆங்காங்கே காணப்படுவதாக 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது என்ற வழக்கமான வாக்கியம் இத்தகைய பதில்களில் தவறாமல் இடம்பெறும். அது அரசியல் சாசனப்படி சரிதான். ஆனால் அந்த மாவட்டங்களில் எந்தக் கிணறு, எந்தக் கைப்பம்பு என்பதை அங்கு குடிப்பவர் இந்தப் பதிலிலிருந்து அறிய முடியாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிப்பது என்றும், அரசு ஆய்வகங்களில் பொதுமக்கள் சிறு கட்டணத்தில் தங்கள் தண்ணீரைப் பரிசோதித்துக் கொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2019-இல் 3.23 கோடி ஊரக வீடுகளுக்கே இருந்த குழாய் இணைப்பு இப்போது 15 கோடியைத் தாண்டிவிட்டது. இணைப்புகளின் எண்ணிக்கையை அமைச்சர்கள் அவையில் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அவற்றில் வரும் நீரின் சோதனை முடிவை அந்தந்தத் தெருவின் பெயரோடு கேட்கும் உறுப்பினர்கள் அரிது.