வாயில் நுழையாத பேரு!

ஊட்டி தாவரவியல் பூங்கா. 1848-ல் உருவான தோட்டம். புல்தரையில் பிள்ளைகள் உருள, நாம் போட்டோ எடுக்க, பொழுது போவதே தெரியாது. ‘‘அப்பா, இந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு?’’ என்று வாண்டு கேட்டால், ‘‘அது ஏதோ வாயில நுழையாத பேரு. வா, ஐஸ்க்ரீம் வாங்கித் தரேன்’’ என்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

கொஞ்சம் நில்லுங்கள். வாயில் நுழையாத அந்தப் பேர்தான், வாயில் நுழையவே கூடாத செடியை அடையாளம் காட்டும்!

ஊருக்கு ஒரு பேர்

நம் மாநிலப் பூ செங்காந்தள். தீக்கொழுந்து போல அத்தனை அழகு. ஆனால், அதன் கிழங்கில் இருப்பது கால்ச்சிசின் என்ற விஷம். வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரையே விட்டவர்கள் இலங்கையில் உண்டு. இதே செடிக்குக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப் பூ என்று ஊருக்கு ஒரு பேர். பலகையில் மட்டும் ஒரே பேர்: குளோரியோசா சூபர்பா.

தலைகீழ் குழப்பமும் உண்டு. ‘பிரமி’ என்று கேட்டால் ஓரிடத்தில் நீர்ப்பிரமி கிடைக்கும். வடக்கே பல இடங்களில் வல்லாரையைத் தருவார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம்! முன்னது பகோபா மோனியேரி, பின்னது சென்டெல்லா ஏசியாட்டிகா. மூலிகைப் பொடி வாங்கும்போது பாக்கெட்டில் இந்த இரட்டைப் பேர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட புத்தகம்தான் இந்த இரட்டைப் பேர் முறைக்கு அஸ்திவாரம். முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். உலகம் முழுக்க இதே பேர்தான்.

பலகையைப் படிப்பது எப்படி?

சாய்ந்த எழுத்தில் இருப்பது அந்த இரட்டைப் பேர். கூடவே குடும்பப் பேர், வழக்குப் பேர், சொந்த நாடு இருக்கும். சில தோட்டங்களில் ஒரு எண்ணும் உண்டு. பெரும்பாலும் அதன் முதல் நான்கு இலக்கம், அந்தச் செடி தோட்டத்துக்கு வந்த வருஷம்!

ஒரு எச்சரிக்கை. பழைய செடி பட்டுப்போய், பக்கத்துச் செடி அந்த இடத்தில் படர்ந்திருக்கலாம். பலகை எந்தச் செடிக்கு என்று அடித்தண்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பலகையே இல்லையா?

இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா? கிள்ளினால் பால் வருமா என்று கிள்ளிப் பார்க்க வேண்டாம். அரளிப் பாலும் விஷம்தான். இலை, தண்டு, பூ, காய் என நாலையும் தனித்தனியே படமெடுத்துத் தோட்ட அலுவலகத்தில் காட்டுங்கள். செங்காந்தள் என்றால் பூ இல்லாதபோதும் தெரியும்: இலை நுனி சுருண்டு, பற்றுக்கம்பி மாதிரி இருக்கும். செல்போன் ஆப் சொல்வது ஒரு யூகம்தான். அதை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள்.

தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கை வைத்தியம் வேண்டாம். மிச்சச் செடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன செடி என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்த முறை வாண்டு கேட்டால் ஐஸ்க்ரீம் அப்புறம். முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்... நீங்களும் கூடவே!