டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் சத்து மாத்திரை டப்பா இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் சிவப்பு இதயம் ஒன்று வரைந்து, ‘இதய நலம்’, ‘கொழுப்பைச் சீராக்கும்’, ‘மெட்டபாலிசத்தைத் தூண்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பின்பக்கத்தில், மூக்குக் கண்ணாடி போட்டாலும் தடுமாற வைக்கும் அளவில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொருள்படும் ஆங்கில வரி இருக்கும். முன்பக்கத்தை எழுதியது வியாபாரம். பின்பக்கத்தை எழுத வைத்தது சட்டம்.

இந்தியாவில் இந்த மாத்திரைகள் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழும், 2016இல் வந்த தனி விதிமுறைகளின் கீழும் வருகின்றன. சட்டத்தின் கண்ணில் அவை உணவு. மாரடைப்பைத் தடுக்கும் என்று நோயாளிகளிடம் சோதித்துக் காட்டிய பிறகே விற்க வேண்டும் என்ற கட்டாயம் உணவுக்குக் கிடையாது. உணவு என்ற பெயரில் விற்கிறார்கள். மருந்து என்ற நம்பிக்கையில் வாங்குகிறோம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இதனால் வரும் ஆபத்து அதிகம். அவர்கள் ஏற்கெனவே நிஜ மருந்துகளை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள்.

முதலில் பலன் என்ன என்று பார்ப்போம். ‘ஹார்ட்டுக்கு நல்லது’ என்று அதிகம் விற்கப்படுவது மீன் எண்ணெய் மாத்திரை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் நடந்த ‘வைட்டல்’ ஆய்வில், தினமும் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் மொத்தக் கணக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘அசெண்ட்’ ஆய்விலும் அதே கதைதான். இரண்டும் 2018இல் வெளியானவை. அதே ஆண்டு ‘ரெட்யூஸ்-இட்’ என்ற ஆய்வு பெரிய பலனைக் காட்டியது உண்மை. ஆனால் அதில் கொடுத்தது சுத்திகரித்த ஒருவகை ஒமேகா-3, தினம் 4 கிராம், மருத்துவர் சீட்டில் வரும் மருந்து. ட்ரைகிளிசரைடு உயர்ந்து, இதயநோயோ சர்க்கரையோ உள்ளவர்களுக்குத்தான் அதைக் கொடுத்தார்கள். விற்பனைக்காரர் அந்த ஆய்வைக் காட்டி நம்மிடம் தருவது வேறு சரக்கு. அந்த ஆய்விலும்கூட இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ கோளாறு, மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாகவே இருந்தது. வயதானவர்களுக்கு அந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாதத்துக்கு வாசல்.

வைட்டமின் ஈ? இதயநோய் ஆபத்து உள்ள முதியவர்களிடம் நடந்த ‘ஹோப்’ ஆய்வு 2000இல் பலன் இல்லை என்றது. அதன் தொடர்ச்சி 2005இல், இதயச் செயலிழப்பு கூடுவதாகச் சொன்னது. நியாசின் என்ற பி வைட்டமின் நல்ல கொழுப்பை ஏற்றியது. ஆனால் 2014இல் வந்த பெரிய ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை, சர்க்கரை நோயும் ரத்தக் கசிவும் கூடின. ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் அழகாக மாறுவதும் இதயம் காப்பாற்றப்படுவதும் ஒன்றல்ல.

‘மெட்டபாலிசம் பூஸ்டர்’ சமாச்சாரம் இன்னும் மோசம். வயதாகும்போது உடல் எரிக்கும் சக்தி குறைவதற்கு முக்கியக் காரணம் தசை கரைவது. அதற்கு நடை, சிறு எடைப் பயிற்சி, போதிய பருப்பு, முட்டை, பால். மாத்திரைக்குள் பெரும்பாலும் இருப்பது காஃபீனும் கிரீன் டீ சாறும். படபடப்பும் ரத்த அழுத்தமும்தான் ஏறும். இளைக்க வைக்கும் மாத்திரைகளில் சிபுட்ராமின் என்ற மருந்தை ரகசியமாகக் கலப்பதைப் பல நாடுகளின் அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். இதயநோய் ஆபத்து உள்ள முதியவர்களிடம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது கூட்டுவது தெரிந்த பிறகு, 2011இல் இந்தியாவிலேயே தடை செய்யப்பட்ட மருந்து அது.

எழுபது வயதுச் சிறுநீரகம் நாற்பது வயதுச் சிறுநீரகம் அல்ல. இளையவர்களின் உடலைவிட்டு வெளியேறிவிடுவது முதியவர்களின் உடலில் தங்கிவிடும். டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர், பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பையோ பொட்டாசியம் உள்ள சத்துப் பொடியையோ சேர்த்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். வால்வு மாற்றிக்கொண்டு அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்ற ரத்த இளக்கி எடுப்பவர் திடீரென்று கீரைப் பொடி மாத்திரை ஆரம்பித்தால், அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கும் வீடுகள்தான் அதிகம். தொண்டைக் கரகரப்புக்குப் பாட்டி கொடுத்த துண்டு அதிமதுரம் வேறு. அதையே செறிவூட்டிய மாத்திரையாகத் தினமும் விழுங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது வைட்டமின் டி. 60,000 யூனிட் மாத்திரையை வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்று மருத்துவர் எழுதித் தருவார். அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. சீட்டு முடிந்தும் மாதக்கணக்கில் தொடர்பவர்களும் உண்டு. ஒருநாளைய தேவை 600 முதல் 800 யூனிட்தான். மிகுதி உடலில் சேர்ந்து, கால்சியத்தை ஏற்றி, சிறுநீரகத்தையும் இதயத் துடிப்பையும் கெடுக்கும். மலச்சிக்கல், ஓயாத தாகம், குழம்பிய பேச்சு என்றுதான் அது வெளியே தெரியும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று வீட்டில் தள்ளிவிடுகிற அதே அறிகுறிகள்.

‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டலாம். ஒசாகாவைச் சேர்ந்த கோபயாஷி நிறுவனம், சிவப்புப் பூஞ்சையில் புளிக்கவைத்த அரிசியைக் கொழுப்பு குறைக்கும் மாத்திரையாக விற்றது. 2024 ஜனவரியிலேயே மருத்துவர்களிடமிருந்து சிறுநீரகப் பாதிப்பு பற்றித் தகவல் போனது. மார்ச் 22 அன்றுதான் நிறுவனம் பொதுவில் அறிவித்துச் சரக்கைத் திரும்பப் பெற்றது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மரணங்களும் பதிவாயின. தொழிற்சாலையில் புகுந்த வேறொரு பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நஞ்சே புகாமல் இருந்தாலும், அந்த அரிசியில் கொழுப்பைக் குறைக்கும் மொனகோலின் கே என்பது லோவாஸ்டாடின் என்ற மருந்தேதான். ஏற்கெனவே அதே வகை கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாடின் எடுப்பவர் இதையும் விழுங்கினால், தெரியாமலே இரட்டை மருந்து சாப்பிடுகிறார்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. முடிக்கும் நகத்துக்கும் என்று வாங்கும் மாத்திரையில் பயோட்டின் இருக்கும். தேவை 30 மைக்ரோகிராம்; டப்பாவில் 5,000, 10,000 என்று இருக்கும். மாரடைப்பா என்று கண்டுபிடிக்க எடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில், சில ஆய்வக முறைகளில், இது பொய்யாகக் குறைந்த அளவைக் காட்ட வைக்கும். அப்படி ஒரு மரணம் நிகழ்ந்ததைச் சொல்லி அமெரிக்க மருந்துத் துறை 2017இல் எச்சரித்தது. நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால், பெரியவர் என்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

எல்லாமே வேண்டாம் என்பதல்ல. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும் முழுச் சைவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். பரிசோதித்து, குறைந்திருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ரத்தசோகைக்கு இரும்பும், குறைபாடு உறுதியானால் வைட்டமின் டியும் அப்படியே. குறையைக் கண்டுபிடித்து நிரப்புவது வைத்தியம். குறை இல்லாத இடத்தில் கொட்டுவது செலவு.

விற்பனைக் கூட்டங்களில் காதில் விழும் இரண்டு வாக்கியங்களுக்குப் பயப்படுங்கள். ‘மூணு மாசத்துல இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடலாம்’ என்பது ஒன்று. ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து உயிரே போகலாம். ‘உடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளியேறுது, பயப்படாதீங்க’ என்பது மற்றொன்று. மாத்திரை ஆரம்பித்தபின் தலைசுற்றல், அரிப்பு, அடர்பழுப்பு நிறச் சிறுநீர் என்றால், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. போகும்போது வீட்டிலுள்ள மருந்து, சத்து மாத்திரை, நாட்டு மருந்து, பொடி அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இது கட்டாயம்; சில மூலிகை மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

இனி உரிமைகள். லேபிளில் 14 இலக்க உரிம எண், சாப்பிட வேண்டிய அளவு, அதைத் தாண்டக் கூடாது என்ற எச்சரிக்கை எல்லாம் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்று விதி விட்டுவைத்திருப்பது, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நினைக்கிறேன். நோயைக் குணப்படுத்தும் என்று உணவை விளம்பரம் செய்யக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பனையாளர் அடையாள அட்டையும் முன்அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதற்காக இந்த விதி தளர்வதில்லை.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில், டப்பாவின் படத்தோடு புகார் அனுப்பலாம். பணம் பற்றிய தகராறுக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தோடு சேர்ந்து ஏதோ வினை நடந்ததாகச் சந்தேகம் இருந்தால், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் கட்டணமில்லா எண் 1800 180 3024. அங்கெல்லாம் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; வக்கீல் கட்டாயமில்லை; கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்காகவே, எவ்வளவு நெருங்கியவர் விற்றாலும் பில் கேட்டு வாங்குங்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் மிச்ச மாத்திரையைக் குப்பையில் போடாமல், தொகுதி எண் தெரியும்படி டப்பாவோடு எடுத்து வையுங்கள். விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்க வேண்டாம். ‘குணமாகிவிடும்’ என்ற வாக்குறுதி பெரும்பாலும் டப்பாவில் இருக்காது, அந்தச் செய்திகளில்தான் இருக்கும்.