குளவி கொட்டினால் அது யார் கணக்கு?

தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் நிரை பிடிக்கும் முன்னர் பெண்கள் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். டர்பன்டைன் மரக்கிளையில் கறுப்பாகப் பலகை போலத் தொங்கினால் அது மலைத்தேனீக் கூடு. ஆனால் தேயிலைச் செடிக்குள்ளும் மண் பொந்திலும் இருக்கும் குளவிக் கூடு கண்ணில் படாது. கொழுந்துக்காகக் கையை விட்ட பிறகுதான் தெரியும். தோட்டத்தில் இரண்டுக்கும் குளவி என்றுதான் பெயர். கூடு இருப்பதாகக் கங்காணியிடம் சொன்னால், "அந்தப் பக்கம் போகாம ஓரமா எடு புள்ள" என்பார். கூட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று யாரும் அளந்ததில்லை.

எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் இப்படித்தான் குளவி கொட்டி இறந்துபோனார். தோட்டம் பெட்டி கொடுத்தது, பிரேதத்தைக் கொண்டுவர லொறியும் கொடுத்தது. சில நாள் கழித்துப் பெரியப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொஞ்சம் காசு கொடுத்தார்கள். கருமாதிச் செலவுக்கே அது காணவில்லை. "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று அதில் எழுதியிருந்ததாம். அப்படி எழுதி வாங்கும் காகிதம் சட்டத்தின் முன் வெறும் காகிதம்தான் என்பது எனக்குத் தெரியவந்தபோது பெரியப்பாவும் இல்லை.

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்து ஒருவர் இறந்தாலோ உடல் ஊனமானாலோ தொழில்தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. மரண நட்டஈட்டைக் குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் முடியாது. அதை வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும்; இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அவர்தான் பிரித்துக் கொடுப்பார். தொகை சம்பளத்தைப் பொறுத்தது. உச்சவரம்பு முன்பு ஐந்தரை இலட்சம் ரூபாய். 2022இல் வந்த திருத்தம் அதை 20 இலட்சமாக்கியது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தும் அந்தத் திருத்தத்தோடு உள்ளே வந்தது. லயத்திலிருந்து மலைக்கு ஏறும் வழுக்குப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

"குளவி கொட்டினதுக்குத் தொரை என்ன செய்வார், அது விதி" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. இந்த வாதம் பழையது. இங்கிலாந்தில் கதிரடிக்கும் வேலையிலிருந்த ஒரு பண்ணைத் தொழிலாளியைக் குளவி கொட்டியது, அவர் இறந்தார். 1912ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள அந்த வழக்கில் குடும்பம் தோற்றது. குளவி யாரையும் எங்கேயும் கொட்டலாம், அந்த வேலை அவரைக் கூடுதல் ஆபத்தில் நிறுத்தவில்லை என்றது நீதிமன்றம். கொழுந்து பறிப்பவருக்கு இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். கூடு இருக்கும் செடிக்குள் நாள் முழுக்கக் கையை விடுவதுதான் அவர் வேலை. கூடு இருக்கும் மரத்தடியில் அவரை நிறுத்தியது பெரட்டில் பிரித்துக் கொடுத்த வேலை. அந்தக் குடும்பம் தோற்ற அதே இடத்தில் நம் குடும்பம் வெல்லலாம் என்பது என் கருத்து. ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி முதல் நாளிலேயே கைநழுவுகிறது. திடீர் மரண விசாரணையில் "ஒவ்வாமையால் மரணம்" என்று மட்டும் பதிவாகி, எந்த மலையில், எத்தனை மணிக்கு, என்ன வேலையில் இருந்தார் என்பது விடுபட்டுப் போகும். பொலிசிலும் விசாரணை அதிகாரியிடமும் இவற்றைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பக்கத்து நிரையில் நின்றவர்கள் பெயர், சம்பளத் துண்டு, வைத்தியசாலைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். விபத்தைத் தோட்டத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்குள் ஆணையாளரிடம் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். ஊழியர் சேமலாப நிதி வேறு, இது வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுக்க முடியாது. கைகாசுக்குப் பறித்தவர் செக்ரோலில் இல்லை என்று கைவிரித்தால், தோட்டத்தின் தொழிலுக்காகவே பறித்தார் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைய கொழுந்து நிறுத்த துண்டுச்சீட்டு சின்னதுதான், எறிந்துவிடாதீர்கள்.

வழக்கு வராமலே உயிர் தப்ப வேண்டுமே. கொட்டத் தொடங்கினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு கூட்டைவிட்டுத் தூர ஓடுங்கள். தேனீ கொடுக்கை உடம்பில் விட்டுப் போகும். அதை நகத்தாலோ எதனாலோ உடனே வழித்தெடுங்கள். சுண்ணாம்பு தேடிப் போகும் நேரத்தில் வண்டி தேடுங்கள். மூச்சு இழுப்பு, நாக்கு வீக்கம், தலைச்சுற்று, வாந்தி வந்தால் காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான், அதுவும் சில நிமிடங்களுக்குள். நிறையக் கொட்டு வாங்கியவர் தெம்பாக நடந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நஞ்சு சில நாளில் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். மேல் டிவிசன் வரை அது ஏறாதென்றால், வீதி முனை வரை யார், எந்த வண்டியில் கொண்டு வருவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

மலையில் அல்லாமல் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலரில் கை சிக்கினால் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. இயந்திரத்துக்கு மறைப்புப் போட வேண்டும், பாரிய விபத்தை அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது. மலை திறந்த வெளி. ஆனால் 2022 ஜூனில் சர்வதேச தொழில் அமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக ஏற்றபோது கூரை உள்ள வேலைத்தலத்துக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நம் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. செடிக்கு வரும் கொப்புள நோய்க்கு எப்போது, எத்தனை நாளுக்கொருமுறை மருந்தடிப்பது என்று தோட்டங்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் உண்டு. கூட்டை யார், எத்தனை நாளுக்குள் அகற்றுவது, அதுவரை அந்த மலையில் கொழுந்து எடுப்பதா இல்லையா, தோட்ட மருந்தகத்தில் அட்ரினலின் இருக்கிறதா என்று உங்கள் தோட்டத்தில் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், கூடு இருக்கும் மலையின் நம்பரையும் திகதியையும் போட்டு ஒரு கடிதம் எழுதி, ஆபீசில் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வாருங்கள்.