உங்களுக்குத் தெரியுமா? – புதுவைக்குப் பக்கத்திலேயே ஒரு தீவு

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர் கடற்கரைச் சாலையையும் ஆரோவில்லையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கடலூர் சாலையில் சற்றுத் தெற்கே போனால் ஆறும் கடலும் சூழ்ந்த நிலம் ஒன்று இருக்கிறது. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லாரும் ஒரே நாளில் போய்வரலாம். போகுமுன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

● செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் சங்கராபரணி, கடலில் சேருமுன் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. கிழக்கே வங்கக் கடல். அரியாங்குப்பம், வீராம்பட்டினம், அரிக்கமேடு எல்லாம் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கின்றன. பேருந்து பாலத்தைக் கடப்பதால், தண்ணீர் சூழ்ந்த நிலத்துக்குள் நுழைகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

● நகரத்திலிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து படகில் போனால், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இறங்கலாம். ‘பாரடைஸ் பீச்’ என்பது அதுதான். ஒரு பக்கம் அசையாத காயல். மறுபக்கம் ஓயாத அலை. முகத்துவாரத்தை ஒட்டிய கடலில் நீரின் இழுப்பு அதிகம். பிள்ளைகள் கால் நனைக்கட்டும், நீந்த வேண்டாம்.

● புதுவை நகரக் கரையில் பாறாங்கற்கள் குவிந்திருக்க, வீராம்பட்டினத்தில் மட்டும் மணல் பரந்து கிடப்பது ஏன்? நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டுபோகின்றன. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரம் தன் கடற்கரையை இழந்தது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் ஒரு தடுப்பை அமைத்த பிறகுதான் அங்கே மீண்டும் மணல் சேரத் தொடங்கியது.

● தை பிறந்ததும் இந்தக் கரைகளில் இரவுநேரத்தில் ஆலிவ் ரிட்லி எனும் பங்குனி ஆமைகள் ஏறி வருகின்றன. பின்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகமாகும். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புள்ளவை. கரையோர மின்விளக்கு அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துக் கொன்றுவிடும்.

● வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலில் ஆடி மாதத் தேரோட்டம் புகழ்பெற்றது. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைக்கிறார்கள்.

● வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து 1760இல் கிளம்பியவர் வானியலாளர் லெ ஜான்தீல். 1761இல் புதுவை ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1769இல் புதுவையிலேயே தயாராக இருந்தார். அன்று காலை மேகம் மறைத்துவிட்டது. ஆனால் வீராம்பட்டினம் பக்கத்தில் இருந்த பழைய கட்டடச் சிதைவுகளைக் கவனித்து எழுதிவைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த இடம்தான் அரிக்கமேடு.

● 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய்க்கு ஊர்ப்பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த மணிகளும் கற்களும் அரிக்கமேட்டின் பழமையை உலகுக்குக் காட்டின. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்புக் கிண்ணங்களின் ஓடுகள் முத்திரையோடு கிடைத்தன. அவற்றின் காலம் தெரியும் என்பதால், அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் கால அளவைக்கு அதுவே அடித்தளம்.

● மத்தியதரைக் கடலிலிருந்து ஆம்போரா ஜாடிகளில் இங்கே வந்தது மது மட்டுமல்ல. ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதை நிறுவியது. இது ரோமானியர் கட்டிய ஊர் அல்ல. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் இங்கே கிடைத்துள்ளன.

● அரிக்கமேட்டுக் கண்ணாடி மணி எப்படிச் செய்யப்பட்டது? உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற கூம்பாக்கி, மெல்லிய குழலாக நீளமாக இழுப்பார்கள். ஆறிய குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றுவார்கள். கூர்முனை மழுங்கும், துளைக்குள் சாம்பல் இருப்பதால் துளை அடைபடாது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை வந்திருக்கிறது. இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுதும் கிடைக்கின்றன.

● அரிக்கமேட்டில் நிற்கும் வளைவுச் சுவர்கள் ரோமானியருடையவை அல்ல. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் இல்லத்தின் எச்சம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து 1770இல் வீராம்பட்டினத்துக்கு மாறிவந்த குருமடத்தோடு தொடர்புடையவர் பாதிரியார் பிஞ்ஞோ தெ பெஹேன். வியட்நாமிய–லத்தீன் அகராதியை அவர் தொகுத்தது புதுவையில் இருந்த நாள்களில்தான்.

● அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள தேங்காய்த்திட்டில் அலையாத்தி மரங்களைப் பார்க்கலாம். சேற்றிலிருந்து ஆணிகளாய் நிமிர்ந்து நிற்பவை அவற்றின் மூச்சுவேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் வேர்கள் மேலே வந்து மூச்சுவிடுகின்றன. இலையை நாக்கால் தொட்டால் கரிக்கும்; வேண்டாத உப்பை மரம் இலைவழியே வெளியேற்றுகிறது. இறாலும் மீன்குஞ்சும் வளர்வது இந்த வேர்களின் நடுவேதான்.

● காலையில் படகு, வெயில் ஏறுமுன் அரிக்கமேடு, மாலையில் பாரதி பூங்கா அருகே செயின்ட் லூயிஸ் தெருவில் உள்ள அருங்காட்சியகம் என்று திட்டமிடலாம். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மேட்டில் நிழலும் கடையும் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும்.

● அரிக்கமேடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மழைக்குப் பின் ஓட்டுச் சில்லும் மணியும் தரையில் தலைகாட்டும். பிள்ளை ஆசையாக எடுத்தால், அது என்னவென்று சொல்லிக்கொடுத்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஓட்டின் காலத்தைச் சொல்லும். சட்டைப்பைக்குள் போய்விட்ட ஓடு வெறும் ஓடு. இருந்த இடத்திலேயே இருக்கும் ஓடுதான் வரலாறு. நாளை அதைத் தோண்டிப் படிக்கப்போகும் ஆய்வாளர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.