தெரியுமா? தீபத்தன்று அண்ணாமலைக்கு மேலே இன்னொரு ஜோதி!

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி. மலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ள, திருவண்ணாமலையே ‘அரோகரா’ என்று அதிர்கிறது. அதே வேளையில் கிழக்கு வானில் ஒரு பிரம்மாண்ட ஜோதி ஏறிக்கொண்டிருக்கிறது, தெரியுமா? வெறுங்கண்ணுக்கு எட்டாத அந்தச் சுருள் விண்மீன் திரளின் பெயர் மெசியே 77!

● இன்று நம்மை வந்தடையும் அதன் ஒளி புறப்பட்டது சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மனித இனமே கிடையாது!

● அதன் நடுவே இருப்பது ஏறத்தாழ ஒரு கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை. அதில் விழப்போகும் வாயு சுழன்று, உரசி, கொதித்து ஒளிர்கிறது. கருந்துளை இருட்டுதான், அதைச் சுற்றித்தான் இத்தனை வெளிச்சம்!

● அந்த மையத்தைத் தூசிப் படலம் மறைத்திருக்கிறது. விடுவார்களா விஞ்ஞானிகள்? சுற்றியுள்ள வாயுவில் பட்டுத் திரும்பிய ஒளியை அலசி, உள்ளே இருப்பதை 1985-ல் கண்டுகொண்டார்கள்!

● தூசி தடுக்காத தூதரும் உண்டு: நியூட்ரினோ என்னும் நுண்துகள்! அங்கிருந்து வந்த சுமார் 80 நியூட்ரினோக்களை, தென்துருவப் பனிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவி பிடித்ததாக 2022-ல் அறிவித்தார்கள்.

● மையத்திலிருந்து மணிக்கு சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வாயு சீறி வெளியேறுகிறது. அதை அளந்தது எது? நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரில் 1999-ல் ஏவப்பட்ட ‘சந்திரா’ எக்ஸ்ரே தொலைநோக்கி!

● வானம் பார்க்கும் பெரிய கண் நம் பக்கத்திலும் உண்டு! திருவண்ணாமலைக்கு வடமேற்கே, நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையின் காவலூர். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானம் பார்க்கிறது. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியதும் இந்தியாவில்தான்! அதற்காகவே உழைத்த வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே காலமானார்.

● நாமும் பார்க்கலாமா? தாராளமாக! தீபத்தன்று பௌர்ணமி நிலவு மறைத்துவிடும். அடுத்த அமாவாசையன்று, ஊர் விளக்குகளைத் தாண்டிப் போங்கள். இரவு ஒன்பது மணிவாக்கில், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குத் தென்மேற்கே, திமிங்கல உடுக்கூட்டத்தின் டெல்டா நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அதிலிருந்து ஒரு பாகை தள்ளி, சிறிய தொலைநோக்கியிலேயே மங்கலான பஞ்சுத் துணுக்காகத் தெரியும். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், 4.7 கோடி ஆண்டுப் பழைய ஒளியை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்!